பேஷ் பாய்

எங்கள் இசைமன்றத்தில் பாடிச் சென்ற வித்துவான்கள் பலருக்கு வேலூரைப் பற்றி நினைவில் நிற்பவை இரண்டு. ஒன்று வெயில், மற்றொன்று, மூன்றாம் வரிசையின் வலப்பக்க ஓர இருக்கையில் அமர்ந்திருந்த ஒரு மனிதர். வெயிலை வாய்விட்டு ஏசுவார்கள். அம்மனிதரைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் குரல் தாழும். காட்பாடி நிலையத்தில் வண்டியைவிட்டு இறங்கியதும் இறங்காததுமாக, "அந்த பாய் வருவாரா சார்?" என்று என்னிடம் கேட்ட பெரும்பாடகர் ஒருவரை அறிவேன். மன்றத்தின் செயலாளன் என்ற முறையில் "கட்டாயம் வருவார்" என்றேன். அவர் முகத்தில் அப்போது தோன்றியது மகிழ்ச்சியா அச்சமா என்பது எனக்கு இன்றளவும் விளங்கவில்லை.

அம்மனிதர் ஆம்பூரில் தோல் வணிகம் செய்தவர். பட்டம் பெற்றவர்; உருது, தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் தடையின்றி உரையாடுவார். இயற்பெயரைச் சொல்லித் தேடினால் எங்கள் மன்றத்தில் ஒருவரும் கைகாட்ட மாட்டார்கள். பேஷ் பாய் என்றால் வாயிற்காவலர்கூட இருக்கையைக் காட்டிவிடுவார்.

அந்தப் பெயர், பாட்டுக்கு நடுவே அவர் சொன்ன ஒற்றைச் சொல்லால் வந்தது. கைத்தட்டலைப் போல அது வெடிக்காது. பாடகர் ஓரிடத்தில் வந்து நிற்பார். மிருதங்கக்காரரின் கை அடுத்த அடிக்கு எழுந்திருக்கும். அந்த இடைவெளியில், தாழ்ந்த குரலில், "பேஷ்" என்று ஒருமுறை விழும். அவ்வளவுதான். மற்றவர்கள் பலே, ஆகா, சபாஷ் என்று மணமக்கள்மீது அட்சதை இறைப்பது போல இறைத்துக்கொண்டிருப்பார்கள். மேடையில் இருப்பவர்கள் புன்னகையோடு அவற்றை ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் பாயின் சொல் விழுந்த கணத்தில் பாடகர் கண்ணைத் திறந்துவிடுவார். சில கச்சேரிகளில் அச்சொல் ஒருமுறை கேட்கும். பலவற்றில் கேட்கவே கேட்காது. மங்களம் முடிந்ததும் எழுந்து சென்று, பொன்னாடை போர்த்தி, இரு கைகளையும் பற்றிக்கொண்டு, "ரொம்ப சந்தோசம்" என்பார். பாடகர் அந்தச் சந்தோசத்தைப் பெற்றுக்கொண்டு வாட்டத்தோடு வண்டி ஏறுவார்.

இதைக்கொண்டு அவரை இறுக்கமான மனிதர் என்று எண்ணிவிட வேண்டா. பேச்சிலும் விருந்திலும் அவரைப் போன்ற கொடையாளியை நான் கண்டதில்லை. பெருநாளன்று அவர் வீட்டிலிருந்து எங்கள் மன்ற உறுப்பினர் அனைவருக்கும் பிரியாணி வரும். சைவ உணவினர்க்கெனத் தனி அடுப்பில் சமைத்த காய்கறிச்சோறு வரும். சிரிக்கத் தொடங்கினால் தோள்கள் குலுங்கும். அந்த ஒரு சொல்லில் மட்டும்தான் கைமுட்டி இறுகிவிடும்.

காரணத்தை அவருடைய தொழிற்கூடத்தில் ஒருநாள் கண்டேன். பதனிட்டு மெருகேற்றிய ஆட்டுத்தோல்கள் நீண்ட மேசைமீது கிடந்தன. தரம் பிரிப்பதற்குத் தேர்ந்த பணியாளர்கள் இருந்தபோதும், முதன்மையான சரக்கு என்றால் அவரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நிற்பாராம். ஒவ்வொரு தோலையும் சன்னல் வெளிச்சத்தில் சாய்ப்பார். உள்ளங்கையால் ஒருமுறை நீவுவார். பிறகு ஏதேனும் ஓர் அடுக்கின்மீது எறிவார். உண்ணி கடித்த தழும்பு, வேலிமுள்ளின் கீறல், உரிக்கையில் கத்தி பட்ட வெட்டு எதுவும் அந்த உள்ளங்கைக்குத் தப்பாது.

"ஒரு தோலும் பேஷ் வாங்காதா?" என்று வேடிக்கையாகக் கேட்டேன்.

"மொதல் தரம் மொதல் தரமா இருக்கறது அதோட வேலை, புலவரே. அதுக்கு இன்னாத்துக்கு பேஷ்?" என்றார். என் தூய தமிழ்ப் பேச்சுக்காக அவர் என்னைப் புலவர் என்றே அழைப்பார். சற்று நேரம் தோல்களைப் புரட்டிவிட்டு, "போன வருசம் ஒண்ணு வந்துச்சு. கை வெச்சேன், எடுக்க மனசு வரல. அதுக்குச் சொன்னேன்" என்றார்.

அருகில் நின்ற பணியாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார். "சொன்னதோட விட்டாரா சார்? விக்க மாட்டேன்னு வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ட்டாரு. இத இன்னா பண்றது, கொழம்பு வெக்கறதான்னு வீட்டம்மா கேட்டாங்களாம். இன்னும் பீரோவுலதான் கெடக்குது."

"உன் வேலையப் பார்றா" என்றார் பாய். ஆனால் மறுக்கவில்லை.

அச்சொல்லை அவர் இசைக்கும் தோலுக்கும் மட்டும் ஒதுக்கியிருந்தார் என்பதும் இல்லை. ஒருமுறை ஒடுகத்தூர்ப் பேருந்தில் இருவரும் சென்றுகொண்டிருந்தோம். குறுகிய வளைவொன்றில் கன்றுக்குட்டி ஒன்று நடுச்சாலையில் உறங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தவில்லை. பின்னோக்கி எடுத்து, ஓரமாகத் திருப்பி, கன்று காதைக்கூட அசைக்காதபடி வண்டியைக் கடத்தினார். எனக்கு அருகிலிருந்து "பேஷ்" என்ற குரல் எழுந்தது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "இன்னா பாய், எறங்கணுமா?" என்றார்.

இனி, அச்சொல்லின் பிறப்பைப் பற்றி எங்களுக்குள் நடந்த வழக்கைச் சொல்ல வேண்டும். தூய தமிழில் பேசவும் எழுதவும் விழைபவன் நான். பாட்டைப் புகழ நம்மிடம் சொல் இல்லையா என்ற குறை எனக்கு நெடுநாளாக உண்டு. அச்சொல்லை எழுதுவதற்கே ஒரு கிரந்த எழுத்தைக் கடன்வாங்க வேண்டியிருக்கிறது. 'விசேஷம்' என்ற வடசொல்லின் தலை தேய்ந்து, வால் திரிந்து வந்ததே இது என்று நான் முதலில் கருதினேன். கச்சேரி இடைவேளையில், மன்றத்தின் பின்புறத்துச் சிற்றுண்டிச் சாலையில் நின்றபடி இக்கருத்தைச் சான்றுகளோடு விளக்கினேன். பாய் போண்டாவைச் சட்னியில் தோய்த்தபடி முழுவதையும் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்குது புலவரே. ஆனா அது எங்க வீட்டுப் புள்ள. எங்க பேச்சுல 'கம் ஓ பேஷ்'னு சொல்லுவாங்க. கூடக்கொறைய, ஏறக்கொறையன்னு அர்த்தம். கம்முன்னா கொறைவு. பேஷுன்னா கூடுதல். பாரசீகத்துலேர்ந்து ரெண்டும் ஜோடியா வந்துச்சுங்க. கம்ம நீங்க கம்மின்னு பேர் வெச்சு மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டீங்க. பேஷ கச்சேரிக்குக் கூட்டிட்டு வந்து ஒக்கார வெச்சுட்டீங்க."

அன்றிரவே அகராதிகளைப் புரட்டினேன். அவர் சொன்னதே சரி. உடன்பிறந்த இரு சொற்கள் ஒரே பாதையில் நடந்து வந்து, ஒன்று தக்காளிக் கூடையருகே நின்றுவிட, மற்றொன்று தம்புராவின் அருகே வந்து அமர்ந்துகொண்ட கதை எனக்கு இன்பம் தந்தது. 'கம்மி விலை' என்று நாள்தோறும் சொல்லும் வாய்க்கு, அதன் எதிர்ச்சொல்லைத்தான் பாடகர்க்கு வழங்குகிறோம் என்பது தெரியாது. சபாஷ் என்பதும் பாரசீகத்திலிருந்து வந்ததே. 'மகிழ்ந்திரு' என்பது அதன் பொருள். அது வாழ்த்து. பாடியவரை நோக்கிச் சொல்வது. பேஷ் என்பதோ அளவைச் சொல். பாடப்பட்டது, வேண்டிய அளவைக் கடந்து ஒரு பிடி கூடுதலாக இருக்கிறது என்பதற்கான சான்றிதழ். பாய் அதை அந்தப் பொருளிலேயே ஆண்டார். ஒழுங்காகப் பாடியவர்க்கு அதைத் தருவது அவருக்குப் பொய்யுரைப்பதாகப் பட்டது.

பிறப்பு அயலாயினும் ஆகுக, பயன்பாட்டில் தமிழ்ச்சொல் வேண்டும் என்று நான் வாதிட்டேன். நட்புக்காக அவர் ஒருநாள் அதற்கும் இசைந்தார். அன்றைய கச்சேரியில் உரிய இடத்தில், உரிய இடைவெளியில், "நன்று" என்றார். பாடகர் கண்ணைத் திறக்கவில்லை. முடிந்தபின் என்னைத் தனியே அழைத்து, "பாய்க்கு ஒடம்பு சரியில்லையா? ஏதோ முனகினா மாதிரி இருந்துச்சே" என்று கவலையோடு வினவினார். 'நன்று' நல்ல சொல் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. அதைச் சொல்லும் பொறுப்பைப் பாயிடம் ஒப்படைப்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

வேலூரின் விடுதித் தெருக்களில் மருத்துவத்தின்பொருட்டு வங்காளத்திலிருந்து வந்து தங்குவோர் மிகுதி. தம்பியின் சிகிச்சைக்காக வந்திருந்த ஓர் அம்மையார் மாலைப்பொழுதைப் போக்க எங்கள் மன்றத்துக்கு வரத் தொடங்கினார். இடைவேளையில் அவருக்கு வடை கொடுத்தார்கள். "பேஷ், பேஷ்" என்றார். காபி வந்தது. "பேஷ்." வெளியே மழை விட்டுவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அதற்கும் "பேஷ்." பாய் கையிலிருந்த குவளையை வைத்துவிட்டார். அம்மையாரிடம் இந்துத்தானியில் விசாரித்தார். அவர்கள் மொழியில் அச்சொல், சரி, நல்லது என்ற அளவில் எளிதாகப் புழங்குகிறது என்று தெரிந்தது. அதே கூடுதல்தான்; வங்காளம் போய்ச் சேர்ந்ததும் மெத்தென்று சாய்ந்து அமர்ந்துகொண்டது போலும். பாய் அதைக் கேட்டு உள்ளம் மகிழ்ந்தார். ஆயினும் திரும்பி வந்து என்னிடம் முறையிட்டார்:

"நான் ஒரு வருசம் வெச்சிருந்து செலவு பண்றத அந்தம்மா ஒரு டம்ளர் காபிக்குள்ள முடிச்சிட்டாங்க புலவரே."

இவ்வளவும் வேடிக்கைதான். ஆனால் ஒருவருக்கு இது வேடிக்கையாக இல்லை. குடியாத்தத்தைச் சேர்ந்த வயலின் கலைஞர் அவர்; பள்ளியில் இசையாசிரியை. வெளியூர்ப் பாடகர்க்கு எங்கள் மன்றத்தில் பக்கவாத்தியம் வாசிக்க அவரையே அழைப்போம். சுருதி பிசகாது, தாளம் நழுவாது, நேரம் தவறாது. பாடகர் ஒரு சுரப்பிடியைப் பாடிவிட்டு நிறுத்தினால், அதை அச்சில் வார்த்தது போலத் திருப்பித் தருவார். எத்தனையோ ஆண்டுகளாக அந்த மேடையில் அமர்ந்தும் பாயிடமிருந்து ஒருமுறைகூட அச்சொல்லை அவர் பெற்றதில்லை. கச்சேரி முடிந்ததும் பாய் அவரிடம், "சுத்தமா இருந்துச்சு டீச்சர்" என்பார். அதுவும் உண்மையான பாராட்டே. எனினும் அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் வில்லைத் துடைத்துக்கொண்டே வேறெங்கோ பார்ப்பார்.

பணி ஓய்வுக்குப் பின் மகனோடு பெங்களூரில் குடியேறப் போவதாக ஒருநாள் அவர் தெரிவித்தார். அடுத்து நடைபெறவிருந்த இரண்டு கச்சேரிகளே எங்கள் மன்றத்தில் அவருக்குக் கடைசி. சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, ஒண்ணு கேட்டா சிரிக்கக்கூடாது. போறதுக்குள்ள பாய் வாயால அத ஒரு தரம் கேக்கணும். நேத்து வந்த பசங்கல்லாம் வாங்கிட்டுப் போறாங்க. எனக்குன்னா மட்டும் அவருக்கு நாக்கு ஒட்டிக்குது. நீங்க கொஞ்சம் சொல்லிப் பாருங்களேன்."

நான் பாயிடம் பேசினேன். அவர் வருத்தத்தோடு தலையை அசைத்தார். "டீச்சர்க்கு நான் வேற எது வேணா செய்வேன். இத மட்டும் கேக்காதீங்க. கேட்டு வாங்கினா அவங்களுக்கே ருசிக்காது."

வேறு வழி தோன்றாமல், டீச்சரிடம் அச்சொல்லின் பொருளையும் பிறப்பையும் விளக்கினேன். கூடுதல் என்பதே அதன் உட்பொருள் என்றேன். அவர் கூர்ந்து கேட்டார். "ஓ. அப்ப குடுத்ததத் திருப்பிக் குடுத்தா பத்தாது" என்றார்.

விளைவு, முதற்கச்சேரியில் தெரிந்தது. பாடகர் சிறிது பாடினால் டீச்சர் பெரிது வாசித்தார். மேலே ஏறினார், கீழே பாய்ந்தார், விரைவில் வாசித்ததை இன்னும் விரைவில் வாசித்தார். பாடகர் முதலில் வியந்தார். பிறகு தண்ணீர் குடித்தார். பிறகு சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கலானார். நான் பாயைப் பார்த்தேன். அவர் மடியில் கிடந்த கைக்குட்டையை மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் டீச்சர் நேரே அவரிடம் வந்தார்.

"இன்னா பாய், இன்னைக்காவது?"

"அது வந்து டீச்சர்," பாய் தரையைப் பார்த்தார், "இன்னைக்கு பேஷ் இல்ல. ஜாஸ்தி."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். டீச்சரும் சிரிக்கத்தான் செய்தார். ஆனால் வயலின் பெட்டியின் கொக்கியை மாட்ட வழக்கத்தைவிட நேரமாயிற்று.

அவருடைய கடைசிக் கச்சேரிக்குப் பாட வந்தவர் முதியவர்; நெடுங்காலமாக எங்களுக்கு அறிமுகமானவர். இருமலோடு வந்திருந்தார். முதற்பாட்டிலேயே குரல் கட்டிக்கொண்டது. நடுவில் தோடி இராகத்தை எடுத்து விரிக்கலானார். கீழ்ப்பகுதியில் அவருடைய அனுபவமெல்லாம் துணை நின்றது. மெல்ல மெல்ல மேலேறி, மேல் சட்சம் என்னும் உச்சச் சுரத்தைத் தொட முயன்றார். குரல் தொட்டது, நிற்கவில்லை. மறுமுறை முயன்றார். கம்மிப் பிளந்தது. அரங்கில் சிலர் இருக்கையில் நெளிந்தார்கள். பெரியவர் அந்த இடத்தை விட்டுவிட்டு, வந்த வழியே இறங்கி, கண்ணை மூடியபடி முடித்து, டீச்சரை நோக்கிக் கையை நீட்டினார். இனி அவருடைய முறை.

பாடகர் காட்டிய தடத்தில் ஏறி, உச்சியில் நின்று, இறங்குவதே வயலினுக்குரிய வழக்கம். டீச்சருக்கு அந்த மேல் சட்சம் விரல் நுனியில் இருந்தது. வில்லை வைத்து இழுத்தால் போதும். அரங்கம் எழுந்து ஆர்ப்பரித்திருக்கும். அதைத் தவிர்க்கவேண்டிய கட்டாயம் எதுவும் அவருக்கு இல்லை. டீச்சர் கீழ்ப்பகுதியில் தொடங்கினார். ஏறினார். உச்சிக்குச் சற்றுக் கீழே, பெரியவர் அழகாகப் பாடியிருந்த இடத்தில் தங்கினார், அதையே இரண்டு விதமாகத் தடவிக் கொடுத்தார், ஏறாமல் திரும்பினார். மேலே என்று ஓர் இடம் அந்த இராகத்துக்கு இருப்பதாகவே காட்டிக்கொள்ளாமல், மிகச் சுருக்கமாக முடித்து, பாட்டைப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டார். பெரியவர் அதே நொடியில் பாடத் தொடங்கினார், குரல் இளகியிருந்தது.

டீச்சரின் வில் நின்றதற்கும் பெரியவரின் குரல் எழுந்ததற்கும் நடுவே, அந்தச் சிறு இடைவெளியில் விழுந்தது. "பேஷ்."

மிருதங்கக்காரர் நிமிர்ந்தார். வாயிலில் நின்ற காவலர் உள்ளே எட்டிப் பார்த்தார். டீச்சர் மட்டும் அசையவில்லை. பெரியவரின் வாயையே பார்த்துக்கொண்டு வாசிப்பைத் தொடர்ந்தார்.

கச்சேரி முடிந்ததும் ஆட்கள் மேடையைச் சூழ்ந்துகொண்டார்கள். "டீச்சர், வாங்கிட்டீங்க" என்றார் ஒருவர்.

"இன்னா வாங்கினேன்?"

"பாய் சொன்னாரே."

டீச்சர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். முகத்தில் மகிழ்ச்சியைக் காணோம். "எங்க சொன்னாரு?"

"தோடியில. நீங்க முடிச்சதும்."

"அங்கயா?" அவர் பாயின் பக்கம் திரும்பினார். "இத்தன வருசமா வாசிச்சேன், வாயத் தொறக்கல. இன்னைக்கு ஒரு எடத்துல வாசிக்காம வுட்டேன். அதுக்குச் சொல்றீங்க. நான் வாசிக்காம இருந்தாதான் நல்லாருக்குன்னு சொல்றீங்களா பாய்?"

பாய் பெரியவரின் பக்கம் கையைக் காட்டினார். பின்னால் வந்த பெரியவர் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி, "அம்மா, அங்க நீ மேல போயிருந்தா, நான் அடுத்த பாட்டு பாடியிருக்க மாட்டேன்" என்றார்.

டீச்சர் அவரைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். பிறகு, முற்றிலும் வேறொரு குரலில், "நான் கேக்கவே இல்லையே" என்றார். "இவருக்கு மூச்சு வருதான்னு பாத்துட்டு இருந்தேன். காதுல விழல பாய். இன்னொரு தரம் சொல்லுங்க."

எல்லாரும் பாயைப் பார்த்தார்கள். அவர் கையை விரித்தார். "டீச்சர், அது பாட்டோட போச்சு. இப்ப சொன்னா மரியாதைக்குச் சொன்னதா ஆயிடும். அப்பறம் அப்ப சொன்னதும் பொய்யாத் தெரியும்."

"பாய், அந்தம்மா ஊர வுட்டே போறாங்க" என்றார் யாரோ.

"அதுக்காகத்தான் மாட்டேங்கறேன்."

அப்போது வாயிற்காவலர் முன்னால் வந்தார். "நான் கேட்டேன் டீச்சர். இப்டிச் சொன்னாரு." தலையைச் சற்றுச் சாய்த்து, கண்ணைப் பாதி மூடி, "பேஷ்" என்றார்.

"யோவ், அவ்ளோ சத்தமா இல்ல" என்றார் சிற்றுண்டிச் சாலைக்காரர். "அடங்கி வந்துச்சு. பேஷ்."

"கடைசியில கொஞ்சம் காத்து இருந்துச்சு" என்று தம்புரா மீட்டிய பெண் திருத்திக் காட்டினார். முன்வரிசை முதியவர் ஒருவர் அதை நீட்டிச் சொல்ல, அவ்வளவு நீட்டவில்லை என்று அவர் மனைவி இடித்துரைத்தார். என்னையும் சாட்சிக்கு அழைத்தார்கள். நானும் சொல்லிக் காட்டினேன். சரியில்லை என்று ஒருமனதாகத் தள்ளினார்கள். டீச்சர் ஒவ்வொருவர் பக்கமும் செவியைக் கொடுத்து, தந்தியைச் சுருதி கூட்டுகிறவரைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தார். பாய் சுவரோடு சாய்ந்து, கைக்குட்டையால் வாயை மூடியிருந்தார், தோள்கள் குலுங்கின.

இறுதியாக மிருதங்கக்காரர், கையால் தாளத்தைப் போட்டு, அடிக்கு முன்னே அந்த நூலிழை இடைவெளியை விட்டு, அதற்குள் தாழ்வாகச் சொன்னார்.

"பேஷ்."

ஒருவரும் திருத்தவில்லை. டீச்சர் பாயைத் திரும்பிப் பார்த்தார். பாய் கைக்குட்டையை எடுத்துவிட்டு, ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தார்.

"விழுந்துச்சு பாய்" என்றார் டீச்சர். "இப்ப விழுந்துச்சு."